வந்து போனவரும் போய் வந்தவரும்

 

இரண்டு நாடுகளுக்கு இடையே நட்பு எப்படி வளர்கிறது? இதைப் பற்றிப் பேசும்படிதான் என்னைப் பணித்திருக்கிறார்கள். பெரிய பொருள். கேட்டதும் தூதரகங்கள் நினைவுக்கு வரும். ஒப்பந்தங்கள் நினைவுக்கு வரும். இரண்டு கொடிகளுக்கு முன்னால் இரண்டு தலைவர்கள் கைகுலுக்கும் பத்திரிகைப் படம் நினைவுக்கு வரும். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் தலைவர்கள் மாறுவார்கள், ஒப்பந்தங்கள் காலாவதியாகும். அதற்குப் பிறகும் அறுந்து போகாத உறவு ஒன்று இருக்கிறதே, அதைக் கட்டியவர்கள் யார்? அவர்களைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். நம்மிடம் வந்து போனவர்களைப் பற்றி. நம்மிடமிருந்து போய் வந்தவர்களைப் பற்றி.

இதற்கு உலகமெல்லாம் சுற்றி உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் மட்டக்களப்பு வாவிக்கரையே போதும்.

ஏறாவூரிலிருந்து கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது இந்த வாவி. ஒரு பக்கம் எழுவான்கரை, மறுபக்கம் படுவான்கரை. முகத்துவாரத்தைத் தாண்டி இதற்குள்ளே வந்தவர்கள் எத்தனை எத்தனை பேர்! 1602இல் ஒல்லாந்தக் கப்பல் தலைவன் ஸ்பில்பேர்கன் இந்தக் கரைக்கு வந்தான். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். இவர்கள் நட்புக்காகவா வந்தார்கள்? கறுவாவுக்காக வந்தார்கள், ஆட்சிக்காக வந்தார்கள். அதை மறைத்துப் பேச வேண்டிய அவசியம் நமக்கில்லை.

ஆனாலும் பாருங்கள். போர்த்துக்கேயரின் ஆட்சி இங்கிருந்து போய் நானூறு ஆண்டு ஆகப் போகிறது. அவர்களுடைய பேச்சு, நம்முடைய பறங்கியர் வீடுகளில் வயது போனவர்களின் வாயில் இன்னும் இருக்கிறது. கலியாண வீட்டிலே வயலின் எடுத்தால் கஃப்ரிஞ்ஞா ஆட்டம் இன்னும் நடக்கிறது. அந்தப் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்ய லிஸ்பன் பல்கலைக்கழகத்து மொழியியலாளர்கள் நம் காலத்திலே இங்கு வந்து, தச்சுப் பட்டறைகளிலும் வீட்டு விறாந்தைகளிலும் உட்கார்ந்து கேட்டார்கள். கோட்டையைக் கட்டிய தளபதியின் பெயர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கிழவிமார் பாடிய பாட்டுத்தான் தேவைப்பட்டது.

அன்பர்களே, வந்தவர்களைப் பற்றி விரிவாகப் பேசுமுன் நம்மிடமிருந்து போன ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும். ஏனென்றால், உதவி என்றால் வெளியிலிருந்து நமக்கு வருவதுதான், வாங்குவதற்கென்றே பிறந்தவர்கள் நாம் என்ற எண்ணம் நம் பிள்ளைகள் மனத்தில் எப்படியோ ஊறிப் போயிருக்கிறது. அது பொய். இந்த மண் கொடுத்த மண்.

1892இல் காரைதீவிலே பிறந்தார் மயில்வாகனம். கல்முனையில் மெதடிஸ்தப் பாடசாலையில் படித்தார். பிறகு இந்த நகரத்துப் புனித மிக்கேல் கல்லூரியில் படித்தார். அதை அப்போது நடத்தியவர்கள் பிரெஞ்சு நாட்டு யேசுசபைத் துறவிகள். கண்ணகி கோயிலும் தமிழ் ஏடும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு பிரான்சிலிருந்து வந்தவர்கள் கணிதம் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றார், யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தார், மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபரானார். சம்பளமும் மதிப்பும் நிறைந்த அந்த வாழ்வை விட்டு, 1922இல் சென்னை மயிலாப்பூருக்குப் போய் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனார்.

போனவர் அங்கேயே இருந்துவிட்டாரா? திரும்பி வந்தார். கையிலே என்ன கொண்டு வந்தார்? ஒரு தொண்டு இயக்கத்தைக் கொண்டு வந்தார். ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்க இடம் தேடினார். 1929இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. அதன் வகுப்பறைகளிலே படித்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தச் சபையிலே இருக்கிறீர்கள்.

அதோடு நின்றாரா? மறுபடியும் போனார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியர். இமயமலையிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்தில் 'பிரபுத்த பாரத' இதழின் ஆசிரியர். மறுபடியும் வந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். போவதும் வருவதுமாகவே அந்த வாழ்வு நடந்தது. இங்கிருந்து போகும்போது அவர் எதைக் கொண்டு போனார்? இந்த வாவியின் ஓசையைக் கொண்டு போனார். நிலவு காலத்தில் கல்லடி நீரிலிருந்து எழும் அந்த இசையை நினைந்து 'நீரரமகளிர்' என்று பாட்டெழுதினார். பழந்தமிழர் மீட்டிய யாழ் எப்படி இருந்தது, எப்படி ஒலித்தது என்று பல ஆண்டுகள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த ஆராய்ச்சியின் பயனான யாழ் நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. 1947 ஜூனில், தஞ்சைத் தரணியிலே திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம் நடந்தது. அடுத்த மாதமே, ஜூலை 19ஆம் நாள், சுவாமி மறைந்தார். உடல் கல்லடிக்கு வந்து சேர்ந்தது.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் எத்தனையோ உடன்படிக்கைகள் எழுதப்பட்டன, எத்தனையோ கிழிக்கப்பட்டன. விபுலாநந்தர் என்ற பெயரைச் சொன்னால் தஞ்சாவூரிலே இன்றைக்கும் எழுந்து நின்று வரவேற்பார்கள். இதைவிட உறுதியான உடன்படிக்கை எது?

இனி, வந்தவர்களிடம் வருகிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவிலே, நியூ ஓர்லியன்ஸ் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட யேசுசபை மாகாணத்திலிருந்து, பாதர்மார் வாவிக்கரைக்கு வந்தார்கள். அந்த ஊரும் நம் ஊரைப் போலத்தான்: ஆற்றுக்கும் ஏரிக்கும் நடுவிலே, கடலை அண்டி, வெள்ளத்துக்கும் புயலுக்கும் பயந்து வாழும் ஊர். அங்கும் இறாலும் நண்டும் இல்லாமல் சமையல் இல்லை. நண்டுக் கறியைக் கையால் உடைத்துச் சாப்பிட அவர்களுக்கு நாம் பழக்கிக் கொடுக்க வேண்டியிருந்திராது என்று நினைக்கிறேன்.

மதம் பரப்ப வந்தார்கள் என்று சிலர் சொல்வீர்கள். ஆம், குருமாராகத்தான் வந்தார்கள். ஆனால் இந்த நகரத்தில் சைவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் அவர்களை எதற்காக நினைவில் வைத்திருக்கிறார்கள்? விளையாட்டு மைதானத்துக்காக. 'வெபர் மைதானம்' என்று நாம் நாளுக்கு நாலு தரம் சொல்கிறோமே, அந்த வெபர் யார் என்று இங்குள்ள மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாதர் ஹரல்ட் வெபர். ஓடவும் பாயவும் எறியவும் நம் பிள்ளைகளைப் பழக்கிய மனிதர், மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கூடைப்பந்தாட்டம் மட்டக்களப்பிலே இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கும் இந்த அமெரிக்கப் பாதர்மாரே காரணம். மாலை நேரத்தில் வெள்ளை அங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக் கொண்டு, பந்தைத் தட்டித் தட்டி, தமிழும் ஆங்கிலமும் கலந்து உரத்துச் சத்தம் போட்ட பாதர்மாரைப் பற்றி மூத்த பழைய மாணவர்களைக் கேளுங்கள், சொல்லுவார்கள்.

இன்னொருவர் பாதர் லாங். நம்முடைய பாடும் மீனை உலகத்தின் காதுக்குக் கொண்டு போனவர்களில் ஒருவர். 1848இலேயே எமேர்சன் டெனன்ற் என்ற ஆங்கில அதிகாரி தோணியிலே போய் இந்த ஓசையைக் கேட்டு எழுதி வைத்தார். நம் மீனவர்கள் அது மீனல்ல, ஊரி என்றார்கள். அதையும் எழுதி வைத்தார். நூறு ஆண்டுக்குப் பிறகு, கடந்த நூற்றாண்டின் ஐம்பதுகளில், பாதர் லாங் ஒலிப்பதிவுக் கருவியோடு இந்த நீருக்குப் போனார். எப்படிக் கேட்பது என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்க நம் மீனவர்கள் இருந்தார்கள். எங்கள் ஆட்கள் எப்படிக் கேட்பார்கள்? பூரணையை அண்டிய இரவு, காற்றில்லாத நேரம் பார்த்துப் போவார்கள். தோணியை நிறுத்தி, பேச்சை நிறுத்தி, சவளின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறு முனையைக் காதிலே வைப்பார்கள். மெல்லிய நரம்பை யாரோ ஓரிடத்தில் சுண்டுவது போல ஒரு நாதம் மரத்தின் வழியாக ஏறி வரும். அதை அவர் நாடாவிலே பிடித்தார், வானொலியிலே ஒலித்தது. நம் மீனவனின் செவியும் அமெரிக்கப் பாதிரியாரின் இயந்திரமும் ஒரே தோணியில் இருந்திராவிட்டால் அந்தப் பதிவு உண்டாகியிருக்குமா? கலாசாரப் பரிவர்த்தனை என்று கருத்தரங்குகளில் சொல்கிறார்களே, அது இந்தத் தோணியிலே நடந்தது.

பிறகு யுத்தத்தின் இருண்ட காலம் வந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பாதர் யூஜின் ஹேபர்ட், கூடைப்பந்தாட்டப் பயிற்சியாளர், கிழக்குத் தொழில்நுட்ப நிலையத்தின் பொறுப்பாளர். 1990ஆம் ஆண்டை இங்குள்ள எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. தமிழ்க் கிராமங்களும் அழுதன, முஸ்லிம் கிராமங்களும் அழுதன. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் அவர் ஓர் இளைஞரோடு வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. இன்று வரை வந்து சேரவில்லை. நம் தாய்மார் எத்தனை ஆயிரம் பேர் பிள்ளைகளைத் தேடுகிறார்களோ, அந்தத் தேடலிலே லூசியானா மாநிலத்துக் குடும்பம் ஒன்றும் சேர்ந்து கொண்டது. போய் விட அவருக்கு நாடு இருந்தது. அமெரிக்கக் கடவுச்சீட்டு இருந்தது. ஆனாலும் இருந்தார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல!

அவருடைய தோழர் பாதர் மில்லர். 1948இல் வந்தவர். புனித மிக்கேலிலே கற்பித்தவர். யுத்த காலத்தில் மட்டக்களப்பு சமாதானக் குழுவிலே இருந்து, பிள்ளை காணாமற்போன தாய் ஒருத்தி வந்தால் அவள் சொல்வதைக் கேட்டு எழுதி, முகாம் வாசலுக்கும் அலுவலக வாசலுக்கும் அலைந்தவர். தொண்ணூறைக் கடந்த வயதிலே இந்த மண்ணிலேயே கண்மூடினார். அவர் குறித்து வைத்தவை இல்லாவிட்டால் நம்முடைய பல கிராமங்களின் துயரம் எழுத்திலேயே வந்திராது.

இங்கே ஒரு கேள்வி எழும். வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் சரி; வந்துவிட்டுத் திரும்பிப் போனவர்களால் என்ன பயன்?

1961இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 'பீஸ் கோர்' என்ற தொண்டர் அமைப்பைத் தொடங்கினார். இளைஞர்கள் இரண்டு ஆண்டு வெளிநாடு போய், அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அந்த ஊர் மொழியைப் பேசி, அந்த ஊர் மக்களோடு வேலை செய்ய வேண்டும். இலங்கைக்கு 1962இல் வந்தார்கள், 1964இல் போனார்கள். 1967இல் வந்தார்கள், 1970இல் போனார்கள். 1983இல் வந்தார்கள், 1998இல் போனார்கள். அரசியல் காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தப் பக்கம் கதவு திறந்தது, மூடியது. ஆனால் அந்த அமைப்புக்கு எழுதி வைத்த குறிக்கோள்கள் மூன்று. வேலை தெரிந்தவர்களைத் தேவைப்படும் நாட்டுக்கு அனுப்புவது ஒன்று. அமெரிக்கரை அந்த நாட்டார் விளங்கிக் கொள்ளச் செய்வது இரண்டு. அந்த நாட்டாரை அமெரிக்கர் விளங்கிக் கொள்ளச் செய்வது மூன்று. மூன்றாவது குறிக்கோளை யார் நிறைவேற்ற முடியும்? திரும்பிப் போனவர்தான் முடியும். அதாவது தொண்டு முடிந்து விமானம் ஏறிய நாளிலே அவருடைய வேலையின் பெரிய பாதி தொடங்குகிறது.

இதற்கு கென்னடிக்கு ஏறத்தாழ நூறாண்டுக்கு முந்தியே யாழ்ப்பாணத்தில் ஒரு சான்று உண்டு. டொக்டர் சாமுவேல் கிறீன். 1847இல் வந்து, மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தி, நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் படிப்பித்தவர். உடல் தளர்ந்து 1873இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துத் தம் ஊருக்குத் திரும்பினார். திரும்பியவர் ஓய்வெடுத்தாரா? தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்தும் வேலையை அங்கிருந்தபடியே செய்தார். 1884இல் மறைந்தபோது அவர் விருப்பப்படி கல்லறைக் கல்லிலே என்ன பொறித்தார்கள் தெரியுமா? தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொறித்தார்கள். வூஸ்டர் நகரத்திலே, தமிழரையே கண்டிராத மக்கள் நடந்து போகும் ஒரு கல்லறைத் தோட்டத்தில், தமிழரின் பெயர் கல்லிலே இருக்கிறது!

நம் பக்கத்திலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. டெனிஸ் மக்கில்வ்றே என்ற அமெரிக்க இளைஞர் 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்தார். மானிடவியல் மாணவர். தமிழ்த் தெருவிலும் முஸ்லிம் தெருவிலும் நடந்தார். நாம் கவனிக்காத ஒன்றை அவர் கவனித்தார். தமிழரும் முஸ்லிம்களும் இங்கே இருவருமே தாய்வழியாகக் குடி பார்க்கிறார்கள். இருவருமே வீட்டை மகளுக்குக் கொடுக்கிறார்கள். கலியாணம் முடித்த மாப்பிள்ளை இரு பக்கத்திலும் பெண் வீட்டுக்குத்தான் வருகிறான். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தவர்கள் நாம் என்று மேடையிலே நாம் சொல்வதை, அவர் வீடு வீடாகப் போய், குடி குடியாக எழுதிச் சான்று காட்டினார். அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய், கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆண்டாண்டாக அதைப் படிப்பித்தார். யுத்தத்துக்குள்ளும் வந்தார், சுனாமிக்குப் பிறகும் வந்தார். 2008இல் பெரிய நூலாகத் தந்தார்.

இன்னொரு அமெரிக்கர் மார்க் விற்றேக்கர், மண்டூர்க் கோயிலைப் பற்றி எழுத வந்தவர். இங்கே அவருக்குக் கிடைத்த நண்பர் நம் ஊர்ச் சிவராம், பின்னாளில் 'தராக்கி' என்ற பெயரில் நாடறிந்த பத்திரிகையாளர். இருவரும் விடிய விடிய வாதாடியவர்கள். 2005 ஏப்ரலில் சிவராம் கடத்திக் கொல்லப்பட்டார். நண்பனின் வாழ்வையும் சிந்தனையையும் 2007இல் விற்றேக்கர் நூலாக எழுதி வெளியிட்டார். நம்முடைய ஒருவனை, அவன் எப்படி யோசித்தான் என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர். எழுதியதில் நமக்கு உடன்பாடில்லாத இடங்கள் இருக்கலாம். இருக்கட்டும். நண்பர்கள் எல்லாவற்றிலும் ஒத்துப் போவதில்லை.

அன்பர்களே, இப்போது என் நெஞ்சுக்கு மிக நெருக்கமான ஒன்றுக்கு வருகிறேன். வண்ணத்துப்பூச்சிப் பூங்கா.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவிலே மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார், யுத்தம் நம் பிள்ளைகளின் மனத்தை என்ன செய்திருக்கிறது என்று ஆராய வந்தார்கள். ஆராய்ந்தார்கள். கேள்வித்தாள் நிரப்பினார்கள். அறிக்கை எழுதினார்கள். வழக்கமாக அதோடு முடிந்துவிடும். இங்கே முடியவில்லை. கேள்வி கேட்டோமே, அந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்யப் போகிறோம் என்று மனச்சாட்சி கேட்டது. ரொறொன்ரோவிலே உடற்குறை உள்ள பிள்ளைகளுக்காக ஒரு கலைத் தோட்டம் அமைப்பதில் முன்னின்ற ஓவியர் போல் ஹோகன் இங்கே வந்தார். நம்முடைய யேசுசபைத் துறவி, உளவளத்துணை அறிந்த பாதர் போல் சற்குணநாயகம் அவரோடு கைகோத்தார். 1996இல் யேசுசபையாரின் வளவிலே, மரநிழலிலே பூங்கா தொடங்கியது.

அங்கே என்ன நடந்தது? சமாதானத்தைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்யவில்லை. தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். களிமண் இருந்தது, சாயம் இருந்தது, பிராணிகள் இருந்தன, கதை சொல்ல அண்ணாமாரும் அக்காமாரும் இருந்தார்கள். அந்த அண்ணாமாரும் அக்காமாரும் யார்? யுத்தத்துக்குள்ளே வளர்ந்த நம் ஊர் இளைஞர்கள்தான். ஒரு பிள்ளை களிமண்ணை எடுத்து உருட்டுகிறது; பக்கத்திலிருக்கும் பிள்ளை அதற்குக் கால் வைக்கிறது; மூன்றாவது பிள்ளை அதற்கொரு பெயர் வைத்துக் கதை சொல்லத் தொடங்குகிறது. எந்தப் பிள்ளை எந்த ஊர் என்ற கேள்விக்கு அங்கே வேலையில்லை. சோதனைச் சாவடி தாண்டி வந்த பிள்ளைகள், சுற்றிவளைப்புக்குப் பயந்து தூங்காத பிள்ளைகள், அங்கே சிரித்தார்கள். ஒரு பிள்ளை வாய்விட்டுச் சிரிக்க எத்தனை மாதம் எடுத்தது என்று அந்த அக்காமாரைக் கேட்டால் சொல்வார்கள். பட்றிசியா லோறன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

ஹோகன் பின்னாளில் கம்போடியாவுக்குப் போனார். வெறுங்கையோடு போனாரா? மட்டக்களப்பிலே நம் இளைஞர்களோடு சேர்ந்து கற்றதைக் கொண்டு போனார். அதாவது, நாம் உதவி பெற்ற கதையாக மட்டும் இதைச் சொன்னால் பாதிக் கதைதான் சொல்கிறோம். மீதிப் பாதியில் நாம் கொடுத்தவர்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்த்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26. சுனாமியில் நாவலடியும் திருச்செந்தூரும் கல்லடியும் அழிந்த காலை. பிறகு வெள்ளை வாகனங்கள் வந்தன. அவர்கள் தந்த அரிசிக்கும் கூரைக்கும் நாம் நன்றி உள்ளவர்கள். அதை நான் ஒருக்காலும் குறைத்துச் சொல்லேன். ஆனால் எத்தனை நிறுவனங்களின் பெயர்ப்பலகை வீடு வீடாகத் தொங்கியது! அந்தப் பலகைகளில் ஒன்றையாவது இன்று உங்களால் நினைவுபடுத்திச் சொல்ல முடியுமா? மூன்று மாதம் இருந்தார்கள், படம் எடுத்தார்கள், திட்டம் முடிந்தது, போனார்கள். நம் பிள்ளையின் பெயரை அவர்கள் கேட்கவில்லை. அவர்களின் ஊரை நாம் கேட்கவில்லை. காசு வந்தது. நட்பு வரவில்லை.

அந்த இடத்திலே நம் பக்கத்துக் குறையையும் நாம் பார்க்க வேண்டும். சுனாமி வந்து எட்டே மாதத்தில், 2005 ஆகஸ்ட் 29ஆம் நாள், கத்ரினா புயலில் நியூ ஓர்லியன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. நமக்கு வெபரையும் ஹேபர்ட்டையும் மில்லரையும் அனுப்பிய யேசுசபை மாகாணத்தின் தலைமையிடம். அடிபட்டுக் கிடந்த இலங்கை அரசு கூட 25,000 டொலர் அனுப்பியது. மட்டக்களப்பிலிருந்து நாம் அனுப்பியிருக்கக் கூடியது பணமல்ல. தண்ணீர் வடிந்த பின் வீட்டுக்குள் எப்படிக் காலடி வைப்பது, செத்தவரை எண்ணிக்கொண்டே பிள்ளைகளை எப்படிப் பாடசாலைக்கு அனுப்புவது என்று அந்த ஊருக்குச் சொல்லத் தகுதி பெற்றவர்கள் உலகத்திலே சிலர்தான் இருந்தார்கள். அதிலே நாம் ஒருவர். அந்த நகரத்தின் பெயரை நம் பாடசாலைகளில் எத்தனை பிள்ளைகள் கேள்விப்பட்டிருந்தார்கள்? நட்பு என்றால் இரு பக்கமும் விசாரிக்க வேண்டாமா?

ஆகவே, நான் இந்தச் சபையிடம் சிலவற்றைக் கேட்கிறேன்.

முதலாவது, வெளிநாட்டிலிருந்து நம் பாடசாலைக்கு ஒரு தொண்டர் வந்தால் மாலை போட்டு, படம் எடுத்து, மூன்றாம் நாள் பாசிக்குடாவுக்கு அனுப்பி வைக்காதீர்கள். கிராமத்திலே வைத்திருங்கள். கூத்துப் பழகும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். சட்டங்கொடுத்தலில் தொடங்கி, கிழமைக்கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப்பார்த்தல் என்று மாதக்கணக்கில் போய் அரங்கேற்றத்தில் முடிகிறதே, அந்த முழுக் காலமும் அவர் களரியின் ஓரத்தில் இருக்கட்டும். அண்ணாவியார் மத்தளத்தில் கை வைத்ததும் கால் தவறிய பிள்ளையை எப்படித் திருத்துகிறார் என்று பார்க்கட்டும். பேராசிரியர் வித்தியானந்தனும் பேராசிரியர் மௌனகுருவும் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு போன அந்த ஆட்டம் எந்த மண்ணில் பிறந்தது என்று அறியட்டும். ஒரு கூத்துப் பருவம் முழுதும் நம்மோடு இருந்தவர், தம் ஊருக்குப் போய் நம்மைப் பற்றி ஒரு பொய்யைச் சொல்ல மாட்டார், பிறர் சொல்லவும் விட மாட்டார்.

இரண்டாவது, போய் வருகிறவர்கள் இன்று நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் பிறந்த நம் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள். கோயிலுக்கும் கடற்கரைக்கும் கூட்டிப் போகிறீர்கள், சரி. ஒரு வாரமாவது படுவான்கரையிலே ஒரு சின்னப் பாடசாலையில் ஆங்கிலமோ கணிதமோ சொல்லிக் கொடுக்க விடுங்கள். அந்தப் பிள்ளையிடமிருந்து நம் பிள்ளையும், நம் பிள்ளையிடமிருந்து அந்தப் பிள்ளையும் கற்கட்டும். கனடாவுக்கும் இலங்கைக்கும் இடையே நாளைய தூதர்கள் அவர்கள்தான். அவர்களுக்குத் தமிழ் கொச்சையாக வருகிறது என்று சிரிக்காதீர்கள்; பாதர் மில்லருக்கும் வந்த நாளிலே அப்படித்தான் வந்திருக்கும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் அவசரமானது. பாதர்மாரோடு எடுத்த கூடைப்பந்து அணிப் படங்கள், ஊர் திரும்பியவர்கள் எழுதிய கடிதங்கள், பழைய ஒலிநாடாக்கள், பூங்காவிலே பிள்ளைகள் வரைந்த சித்திரங்கள் இன்னும் நம் வீட்டு அலுமாரிகளில் இருக்கின்றன. கறையான் தின்றது போக, சுனாமி கொண்டு போனது போக, மிஞ்சியவை இவை. வைத்திருப்பவர்களுக்கு வயது எண்பது ஆகிறது. 2005 முதல் 'நூலகம்' அமைப்பினர் ஈழத்து எழுத்துகளை மின்வடிவமாக்கிக் காத்து வருகிறார்கள். நம் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விபுலாநந்தர் பெயரிலே அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியிலே இருக்கிறது. இடம் இல்லை என்று சொல்ல முடியாது, வழி இல்லை என்று சொல்ல முடியாது.

வீட்டுக்குப் போனதும் அலுமாரியைத் திறந்து பாருங்கள். ஒரு படமோ ஒரு கடிதமோ இருந்தால் அதன் பின்புறத்தில் அதிலுள்ளவர்களின் பெயர்களையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாத ஆச்சிமார் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். பிறகு அதை ஒரு பிரதி எடுத்துக் காக்கக் கூடியவர்களிடம் கொடுங்கள். அந்தக் கடிதத்தை எழுதியவர் இன்னும் உயிரோடு இருந்தால், இந்தக் கிழமையே அவருக்கு ஒரு பதில் போடுங்கள்.